கல்லூரியில் காப்பியடித்துப் பிடிபட்ட பதிவு இருக்கிறதா? அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், வேதியியல் ஆய்வக அறிக்கை ஒன்றில் நான் அளக்காத எண்களை என் லேப் பார்ட்னரின் தாளிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தேன். பிடிபட்டேன். அந்த அறிக்கைக்குப் பூஜ்யம், ஓராண்டு ப்ரொபேஷன், அதாவது கண்காணிப்புக் காலம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அந்தத் தீர்ப்புக் கடிதமும் கூடவே வந்தது. இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு இதே நிலையில் இருந்த தம்பி தங்கைகள் பலரின் விண்ணப்பங்களை உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

நான் பார்த்தவரை, வேலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். பயத்தில் முதலில் விளக்கக் கட்டுரையை எழுதுவார்கள். பிறகு தீர்ப்புக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் அதில் வேறு மாதிரி இருக்கும். வரிசை இதுதான்: முதலில் காகிதம், அடுத்து அலுவலகத்தின் பதில், பிறகு காலக் கணக்கு, பிறகு மனிதர்கள், கடைசியில்தான் எழுத்து.

விண்ணப்பங்கள் மூன்று பொது விண்ணப்பச் சேவைகள் வழியாகப் போகின்றன. எம்.டி. (அங்கே இதுதான் முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ், மருத்துவராக இன்னொரு வழியான டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ், டெக்சாஸ் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். இங்கே ஆம்காஸை வைத்தே பேசுகிறேன். மற்ற இரண்டும் இதே விஷயத்தை வேறு சொற்களில் கேட்கின்றன.

1. வழக்கு இன்னும் முடியவில்லை என்றால்: கடிதம் வந்த அன்றே செய்ய வேண்டியவை

ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

மாணவர் நடத்தை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் முதலில் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் தரக் கெடு, விசாரணை நாள், மேல்முறையீட்டுக் கெடு மூன்றும் குறுகியவை. மேல்முறையீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் கிடைக்கும். அது போனால் திரும்பி வராது.

இது கிரிமினல் வழக்கு அல்ல. பெரும்பாலான கல்லூரிகளில் 'நடக்காமல் இருந்திருக்கும் வாய்ப்பை விட நடந்திருக்கும் வாய்ப்பு அதிகம்' என்று தெரிந்தாலே போதும், தீர்ப்பு வந்துவிடும். அதனால் "அவர்களால் நிரூபிக்க முடியாது" என்ற நம்பிக்கையில் பொய் சொல்லாதீர்கள். முதலில் ஒரு சின்னத் தப்பாக இருந்தது, விசாரணையில் பொய் சொன்னதால் இரண்டு குற்றச்சாட்டாக மாறிவிடும். மருத்துவக் கல்லூரிக் குழு படிக்கும்போது இரண்டாவதுதான் அதிகம் உறுத்தும்.

செய்யாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு "நான் உண்மையில் செய்யவில்லை" என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது ஒழுங்கு நடவடிக்கைப் பதிவாக இருக்குமா? எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்?

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர்கள் சஸ்பென்ஷன் என்ற சொல் வந்த உடனே பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசுங்கள். செவிஸ் பதிவு (பன்னாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) நிறுத்தப்பட்டால் நாட்டில் தங்குவதே கேள்வியாகிவிடும். அந்த அவசரம் மருத்துவக் கல்லூரிக் கவலையை விடப் பெரியது.

2. முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்

உங்கள் நினைவை நம்பி எழுதாதீர்கள். என் நினைவில் நான் 'ஒரு எண்ணை' எடுத்திருந்தேன். கோப்பில் மூன்று எண்கள் இருந்தன. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை; வெட்கம் காலப்போக்கில் தப்பைச் சுருக்கிவிடுகிறது. அந்த ஒன்றை அப்படியே எழுதியிருந்தால், கோப்பைப் பார்ப்பவர் கண்ணுக்கு நான் மறைத்ததாகத்தான் பட்டிருக்கும்.

ஃபெர்பா என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் கல்விப் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட 45 நாட்களுக்குள் கல்லூரி காட்ட வேண்டும். எனவே மே மாதம் விண்ணப்பம் திறக்கும் என்றால் ஜனவரியிலேயே கேளுங்கள். ஏப்ரலில் கேட்டு ஜூனில் கிடைத்தால் பயன் இல்லை.

கேட்க வேண்டியவை: புகார் எழுத்து, குற்றச்சாட்டின் சரியான பெயர், தீர்ப்புக் கடிதம், தண்டனை, தொடங்கி முடிந்த தேதிகள், பயிலரங்கு போன்றவற்றை முடித்ததற்கான சான்று, பதிவை எப்போது அழிப்பார்கள் என்ற விதி.

சில ஆண்டுகளில் கோப்பை அழித்துவிடும் கல்லூரிகள் உண்டு. அது நல்லதுதானே என்று தோன்றும். உங்களுக்கு நல்லதல்ல. தண்டனை சிறியது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். அழிவதற்குள் உங்கள் நகலை எடுத்து வையுங்கள்.

3. "இது இன்ஸ்டிட்யூஷனல் ஆக்‌ஷனா?" என்று எழுத்தில் கேளுங்கள்

ஆம்காஸில் வரும் சொல் 'இன்ஸ்டிட்யூஷனல் ஆக்‌ஷன்'. அதாவது கல்லூரி உங்கள் மீது எடுத்த நடவடிக்கை. காப்பியடித்தது மட்டும் இதில் வராது. ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) குறைந்து ப்ரொபேஷனில் போட்டால் அதுவும் சேரும். விடுதியில் மது வைத்திருந்ததற்குத் தந்த எழுத்துப்பூர்வ எச்சரிக்கையும் சேரலாம். முதலாம் ஆண்டு விடுதிச் சம்பவத்தை மறந்தே போனவர்கள் இருக்கிறார்கள்.

குழப்பம் வரும் இடம், பேராசிரியர் தானே முடித்துவைத்த வழக்கு. "இந்தப் பயிற்சிக்குப் பூஜ்யம், இதோடு விடு" என்று சொல்லி அனுப்பியிருப்பார். அவர் அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்பினாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. அனுப்பியிருந்தால் பதிவு இருக்கிறது.

இதற்கு ஊகம் வேண்டாம். தெரியாவிட்டால் கல்லூரியின் மாணவர் விவகார அலுவலகத்தைக் கேளுங்கள் என்று ஆம்காஸ் வழிகாட்டியே சொல்கிறது. மின்னஞ்சலில் மூன்று வரி போதும்: என் பெயரில் ஒழுங்கு அல்லது கல்விசார் நடவடிக்கைப் பதிவு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் கேட்கும் நிறுவன நடவடிக்கை என்று கல்லூரி கருதுகிறதா? மூன்றாம் தரப்பு கேட்டால் எதைச் சொல்வீர்கள்?

பதில் எழுத்தில் வர வேண்டும். கவுண்டரில் நின்றவர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்னது நாளைக்கு உதவாது.

4. விண்ணப்பத்தின் கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, ட்ரான்ஸ்கிரிப்ட்ல எதுவுமே இல்ல. பதிவை அழிச்சாச்சுன்னு டீன் ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு 'ஆம்'னு போடணும்?"

"கேள்வியை எனக்கு வாசிச்சுக் காட்டுடா" என்றேன். பாதி வாசித்ததும் நிறுத்திவிட்டான்.

ஏனென்றால் ஆம்காஸ் கேள்வியிலேயே அது இருக்கிறது. நடவடிக்கை உங்கள் படிப்பைத் தடை செய்யாவிட்டாலும், ட்ரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) வராவிட்டாலும், கல்லூரி விதிப்படியோ உங்கள் மனுவின் பேரிலோ நீக்கப்பட்டிருந்தாலும், 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு கேள்வியில் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

'இல்லை' என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்பா அம்மாவே கேட்பதுண்டு. தெரிய வழிகள் பல. உங்கள் கல்லூரியின் ப்ரீ-ஹெல்த் குழு (மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வழிகாட்டும் குழு) எழுதும் கடிதத்தில் வரலாம். இடம் கிடைத்த பிறகு சில கல்லூரிகள் டீனிடமிருந்து நடத்தைச் சான்று கேட்கும். நீங்கள் சேரப்போகும் கல்லூரிக்குப் பதிவைக் காட்ட, உங்கள் சம்மதம் இல்லாமலே ஃபெர்பா அனுமதிக்கிறது. முரண்பாடு தெரிந்தால் ஆம்காஸ் விசாரிக்கும். அந்த விசாரணை அறிக்கை நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்குப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. முதல் ஆண்டுத் தப்பைப் பல குழுக்கள் மன்னித்திருக்கின்றன. விண்ணப்பத்தில் சொன்ன பொய் நேற்று செய்த தப்பு. அதற்கு வயது என்ற சமாதானம் கிடையாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. விசாரணையில் 'பொறுப்பில்லை' என்று தீர்ப்பு வந்திருந்தால் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. ஆம்காஸ் கேட்பது நடவடிக்கைக்கு ஆளானீர்களா என்று. பயத்தில் அதையும் கொட்டித் தீர்க்க வேண்டாம். ஆனால் ஒரு மருத்துவக் கல்லூரி தன் சொந்தக் கேள்வித்தாளில் 'குற்றம் சாட்டப்பட்டதுண்டா' அல்லது 'நிலுவையில் ஏதாவது உண்டா' என்று கேட்டால் அப்போது பதில் மாறும். ஒவ்வொரு படிவத்தையும் புதிதாகப் படியுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பதிலை ஒட்டாதீர்கள்.

5. மதிப்பெண் சேதத்தைக் கணக்கிடுங்கள்

தண்டனையாக எஃப் கிரேடு (தோல்வி) வந்திருந்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மறுபடியும் படித்து ஏ வாங்கினால் பழைய எஃப் மறைந்துவிடும் என்று உங்கள் கல்லூரி சொல்லலாம். ஆம்காஸ் அப்படி எண்ணாது. இரண்டு முறையும் சேர்த்தே கணக்கிடும். ஆக்கோமாஸும் 2017 முதல் அப்படித்தான்.

ஒரு கணக்கு. 116 கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) 3.80 ஜி.பி.ஏ. வைத்திருக்கிறீர்கள். 4 கிரெடிட் பாடத்தில் எஃப் சேர்ந்தால் 120-க்கு 3.67. அதே பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினால் 124-க்கு 3.68. மீட்பு அவ்வளவுதான். அறிவியல் பாடங்களை மட்டும் தனியாகக் கூட்டினால் அடி இன்னும் பலம்: 56 கிரெடிட்டுக்கு 3.70 இருந்தால் அந்த எஃப் அதை 3.45-க்கு இழுத்துவிடும்.

அதற்காக மறுபடி எடுக்காமல் விடாதீர்கள். முன்நிபந்தனைப் பாடம் தேறியிருக்க வேண்டும். அதை விட முக்கியம், நேர்மையாக எழுதி ஏ வாங்கினேன் என்பது, தப்பு நடந்த அதே பாடத்தில் நீங்கள் காட்டக்கூடிய பதில்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் எக்ஸ்.எஃப். என்ற கிரேடே உண்டு. கல்வி நேர்மைக் குற்றத்தால் தோல்வி என்று அதற்கு அர்த்தம். உங்கள் கல்லூரியிலும் இதுபோல் இருந்தால், அந்த எக்ஸை நீக்க மனு செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கினாலும் 'ஆம்' என்ற பதில் மாறாது, 4-ஆம் பகுதியில் சொன்னதுதான்.

6. எந்த ஆண்டு விண்ணப்பிப்பது என்று முடிவெடுங்கள்

இதில் என் கருத்து கறாரானது. தப்பு நடந்து இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் அந்தச் சுற்றில் விண்ணப்பிக்காதீர்கள்.

2023-ல் எம்.டி. கல்லூரிகளுக்கு 52,000-க்கும் அதிகமானோர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்ந்தார்கள். உங்கள் கோப்பை எடுப்பவர் கையில் அதே மதிப்பெண்ணோடு, எந்தப் பதிவும் இல்லாத இன்னொரு கோப்பு எப்போதும் இருக்கும். 'மாறிவிட்டேன்' என்பதைச் சொல்ல முடியாது, காட்டத்தான் முடியும். காட்டுவதற்குக் காலம் வேண்டும்.

18 வயதில், முதல் செமஸ்டரில் நடந்தது, பிறகு மூன்று ஆண்டு சுத்தம் என்றால் கவலை குறைவு. மூன்றாம் ஆண்டில், எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் நேரத்தில் நடந்தது என்றால் பட்டம் முடித்து ஓராண்டு, இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு வாருங்கள். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும் இடமாகப் பாருங்கள்: ஆராய்ச்சிக் கூடத்தில் தரவு பதிவு செய்யும் வேலை, மருத்துவரின் குறிப்பெழுத்தர், ஆம்புலன்ஸ் ஊழியர். இரண்டாண்டு இவர் எழுதிய எண்ணை நம்பினோம் என்று ஒரு மேலதிகாரி எழுதும் கடிதத்துக்கு இணையாக நீங்கள் எழுதும் எதுவும் நிற்காது.

இரண்டு சம்பவங்கள் இருந்தால் கதை வேறு. ஒன்று தடுமாற்றம், இரண்டு பழக்கம் என்று படிப்பவர் நினைப்பார். அந்த இடைவெளியை இன்னும் நீட்டுங்கள்.

7. வீட்டில், ஆலோசகரிடம், கடிதம் தருபவரிடம் சொல்லுங்கள்

நம் வீடுகளில் இது கடினம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் உங்கள் பதிவு மீதான உரிமை உங்களுடையது, பெற்றோருக்குத் தானாகத் தெரியாது. அதனால் பலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். பிறகு விண்ணப்பிக்காமல் ஓராண்டு நிற்பதற்கு வீட்டில் ஒரு பொய், அதைக் காக்க இன்னொன்று. அவசரமாக, தயாரில்லாமல் விண்ணப்பித்தவர்களில் பலர் வீட்டில் சொல்ல முடியாமல்தான் அப்படிச் செய்தார்கள். நான் அம்மாவிடம் சொல்ல ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் ஒரு வேலையும் உருப்படியாக நடக்கவில்லை.

பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று: ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் விண்ணப்பத்தில் மறைக்கச் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடுவது பிள்ளை.

அடுத்து ப்ரீ-ஹெல்த் ஆலோசகர். குழுக் கடிதம் எழுதும் கல்லூரி என்றால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். நீங்களே போய்ச் சொல்வதும், அவர்கள் கண்டுபிடித்துக் கூப்பிடுவதும் ஒன்றல்ல. பிப்ரவரி, மார்ச்சுக்குள் போங்கள். குழு நேர்காணல் பல இடங்களில் அப்போது நடக்கும்.

கடிதம் தரும் பேராசிரியர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர் சம்மதித்தால் அதைத் தொட்டு எழுதலாம். முடிந்தால் புகார் கொடுத்த அதே பேராசிரியரிடமே போய்ப் பேசுங்கள், கடிதம் கேட்க அல்ல, மன்னிப்புக் கேட்க. சிலர் பிறகு தாங்களாகவே கடிதம் தர முன்வந்ததைப் பார்த்திருக்கிறேன். எதிர்பார்த்துப் போகக் கூடாது.

8. 1,325 எழுத்துகளில் விளக்கம் எழுதுங்கள்

ஆம்காஸ் தரும் இடம் இடைவெளியும் சேர்த்து 1,325 எழுத்துகள். ஆங்கிலத்தில் 200 சொல் சொச்சம். இதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது. எனவே 5,300 எழுத்துகள் கொண்ட சுயவிளக்கக் கட்டுரையில் இதைக் கொண்டுவராதீர்கள். அங்கே 'ஏன் மருத்துவம்' என்று சொல்ல வேண்டும். அதையும் மன்னிப்புக் கடிதமாக மாற்றினால், உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு சம்பவம் மட்டும் என்றாகிவிடும்.

எழுதும் முன், மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழு எதைத் தேடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 2005-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. மாநில மருத்துவ வாரியங்கள் தண்டித்த 235 மருத்துவர்களை, அதே கல்லூரிகளில் படித்து, தண்டனை பெறாத 469 பேரோடு ஒப்பிட்டார்கள். மருத்துவக் கல்லூரியிலேயே நடத்தை பற்றிக் குறை எழுதப்பட்டவர்களின் பங்கு, பின்னாளில் தண்டிக்கப்பட்டவர்களிடையே, தண்டனை பெறாதவர்களிடையே இருந்ததைப் போல் சுமார் இரண்டு மடங்கு. அது மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வு, இளநிலை மாணவர்களைப் பற்றியது அல்ல. ஆனால் குழுவில் இருப்பவர் மனதில் ஓடும் கேள்வி அதேதான்: அளக்காத எண்ணை எழுதிய இந்தப் பையன், இரவு மூன்று மணிக்கு எடுக்காத இரத்த அழுத்தத்தை எடுத்ததாக நோயாளியின் சார்ட்டில் எழுதுவானா?

உங்கள் விளக்கம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் அடிக்கடி பார்க்கும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

"இரண்டாம் ஆண்டில் ஒரு தவறான புரிதலால் என் மீது புகார் எழுந்தது. கூட்டாகச் செய்வது பற்றிய விதிகள் தெளிவாக இல்லை. அந்த நேரத்தில் குடும்பத்தில் பல சிரமங்கள் இருந்தன. இந்த அனுபவம் என்னை வலிமையானவனாக்கியது."

இதில் யார், என்ன செய்தார் என்பதே இல்லை. புகார் தானாக எழுந்தது, விதிகள் தெளிவாக இல்லை, சிரமங்கள் இருந்தன. செய்தவர் மட்டும் காணவில்லை.

என்னுடையதை ஒட்டி ஒன்று:

"இரண்டாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில், கரிம வேதியியல் ஆய்வகத்தில், நான் அளக்காத மூன்று உருகுநிலை எண்களை என் லேப் பார்ட்னரின் தாளிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்து எழுதினேன். தேர்வு ஒன்றுக்குப் படிக்க ஆய்வகத்திலிருந்து முன்னதாகவே கிளம்பியிருந்தேன். உதவி ஆசிரியரிடம் இன்னொரு நாள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கல்லூரி அதைத் தரவுப் புனைவு என்று தீர்ப்பளித்தது. அறிக்கைக்குப் பூஜ்யம், ஓராண்டு ப்ரொபேஷன், ஒரு பயிலரங்கு. ஓராண்டில் அனைத்தையும் முடித்தேன். விசாரணையில் என் லேப் பார்ட்னரும் கேள்விக்கு உட்படுத்தப்பட்டார். நான் செய்ததற்கு அவர் ஒரு வாரம் தூங்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு இரண்டு ஆண்டு ஆராய்ச்சிக் கூடத்தில் தரவு பதிவு செய்கிறேன். தவறிய அளவீட்டைத் 'தவறியது' என்றே எழுதுகிறேன், முதல் மாதத்தில் இரண்டு முறை எழுத வேண்டி வந்தது."

வரிசையைக் கவனியுங்கள். செயல் முதல் வரியிலேயே வருகிறது, 'நான்' என்ற எழுவாயோடு. காரணம் ஒரு வரி, அதுவும் சாக்காக இல்லாமல், என்ன வழி இருந்தது என்பதோடு. குற்றச்சாட்டின் பெயர் கோப்பில் இருக்கும் அதே சொல். தண்டனை முழுமையாக. பிறகு பாதிக்கப்பட்டவர். இதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை, ஆனால் படிப்பவர் நிற்கும் இடம் அதுதான். கடைசியில், இப்போது என்ன வேறாகச் செய்கிறீர்கள் என்பது, சரிபார்க்கக்கூடிய ஒரு பழக்கமாக.

எழுதும்போது வரும் பிழைகள் சில:

குடும்பத்தில் மரணம், நோய் என்று உண்மையிலேயே இருந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள். அதை முதல் வரியாக்காதீர்கள். முதலில் வந்தால் அது கேடயமாகத் தெரியும்.

கோப்பில் 'பிறர் எழுத்தைத் திருடியது' என்று இருக்க, 'மேற்கோள் காட்டுவதில் பிழை' என்று எழுதாதீர்கள். தீர்ப்போடு உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், தீர்ப்பு என்ன என்பதை முதலில் அப்படியே எழுதிவிட்டு, உங்கள் தரப்பை ஒரு வரியில் அமைதியாகச் சொல்லுங்கள்.

தன்னைத் தானே அடித்துக்கொள்வதும் வேண்டாம். 'என் வாழ்வின் மிக வெட்கக்கேடான நாள்' என்று மூன்று வரி எழுதினால், உண்மைக்கு இருந்த இடத்தில் மூன்று வரி போயிற்று.

ஏ.ஐ. கருவியைக் கொண்டு இதை எழுதாதீர்கள். யோசனைக்கும் பிழை திருத்தவும் பயன்படுத்தலாம், ஆனால் இறுதி வடிவம் உங்கள் சொந்த உழைப்பைக் காட்ட வேண்டும் என்று ஆம்காஸில் நீங்களே உறுதிமொழி தருகிறீர்கள். அதுவும் ஏ.ஐ.யில் எழுதிப் பிடிபட்ட வழக்குதான் உங்களுடையது என்றால், இந்த ஒரு பத்தியையாவது முழுக்க உங்கள் கையால் எழுதுங்கள்.

முடித்ததும் மூன்று அளவுகளில் வைத்துக்கொள்ளுங்கள்: 1,325 எழுத்து, அதில் பாதி, இரண்டே வரி. மற்ற படிவங்களில் பெட்டியின் அளவு மாறும். சுருக்கும்போது செயலையும் தண்டனையையும் வெட்டாதீர்கள், காரணத்தை வெட்டுங்கள்.

9. கல்லூரிப் பட்டியல்

எம்.டி., டி.ஓ. இரண்டிலும் விண்ணப்பியுங்கள். நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். வழக்கமாகப் போடுவதை விடப் பட்டியலைக் கொஞ்சம் நீட்டுங்கள்.

அண்மையில் நடந்த கல்வி நேர்மைக் குற்றத்தைச் சில கல்லூரிகள் ஏற்காமல் போகலாம். சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து, பெயர் சொல்லாமல், "மூன்று ஆண்டு முன் நடந்த ஒன்று இருந்தால் விண்ணப்பத்தைப் படிப்பீர்களா?" என்று கேட்கலாம். நேராகவே பதில் சொல்வார்கள்.

10. இரண்டாம் கட்டக் கேள்விகளும் நேர்காணலும்

முதல் விண்ணப்பம் போன பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தன் கேள்விகளை அனுப்பும். அதில் இதே விஷயம் திரும்ப வந்தால் புதுத் தகவல் சேர்க்காதீர்கள், பழையதை மாற்றாதீர்கள். தேதி, எண்ணிக்கை, தண்டனை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் ஒரு தாளில் ஆறு உண்மைகளை எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். எந்தப் படிவம் நிரப்பினாலும் அதைப் பார்த்தே எழுதினேன்.

'நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பம்' என்ற கட்டுரைக் கேள்விக்கு இதையே எழுதலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். அங்கே உங்களுடைய வேறொரு பக்கத்தைக் காட்ட உங்களுக்கு வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள் என்றால், கோப்பைப் படித்த பிறகும் உங்களைப் பார்க்க விரும்புகிறார்கள். கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடியுங்கள். என்ன செய்தேன், என்ன தண்டனை, யாரைப் பாதித்தது, இப்போது எப்படி வேலை செய்கிறேன். சொன்ன பிறகு நிறுத்திவிட வேண்டும். மௌனம் தாங்காமல் பேசிக்கொண்டே போகும்போதுதான் "பேராசிரியரும் கொஞ்சம்…" என்ற வாக்கியம் வெளியே வந்துவிடுகிறது.

இதைத் தனியாகக் கண்ணாடி முன் பழகாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்காத யாராவது ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள். "அப்போ பிடிபடலைன்னா என்ன பண்ணியிருப்ப?" என்று அவர் கேட்க வேண்டும். என்னிடம் நேர்காணலில் அதைத்தான் கேட்டார்கள். "தெரியவில்லை, மறுபடியும் செய்திருப்பேனோ என்ற பயம் எனக்கு இருக்கிறது" என்றேன். அது உண்மை. உங்களுக்கு உண்மை என்னவோ அதைச் சொல்லுங்கள்.

11. சமர்ப்பித்த பிறகு

ஆம்காஸில் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திய பிறகு இந்தப் பதிலைத் திருத்த முடியாது. மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் முதல் சமர்ப்பிப்பு தொடங்கும், ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போகும். சீக்கிரம் போவது நல்லதுதான். ஆனால் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வப் பதில் வராமல் ஜூன் முதல் நாளே அனுப்புவதை விட, இரண்டு வாரம் தாமதித்துச் சரியாக அனுப்புவது மேல்.

சமர்ப்பித்த பிறகு புதிதாக ஏதாவது நடவடிக்கை வந்தால், பத்து வேலை நாட்களுக்குள் விண்ணப்பித்த எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்கும் நீங்களே தெரிவிக்க வேண்டும். அக்டோபர் 15 முதல் இடம் தரத் தொடங்குவார்கள். இடம் கிடைத்தாலும் கல்லூரி திறக்கும் நாள் வரை இது பொருந்தும். கடைசி செமஸ்டரில் அசட்டையாக இருந்து கிடைத்த இடத்தை இழந்தவர்கள் உண்டு.

போன ஆண்டு 'இல்லை' என்று போட்டுவிட்டு இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிப்பவர்களுக்கு: பழைய விண்ணப்பம் அதே கல்லூரியிடம் இருக்கிறது. இந்த முறை 'ஆம்' போட்டு, போன முறை விட்டதையும் விளக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கேள்வியைத் தவறாகப் படித்திருந்தால் அப்படி, பயந்து மறைத்திருந்தால் அப்படி. இது எல்லாவற்றிலும் கடினமான வரி. அதை எழுதும் முன் ப்ரீ-ஹெல்த் ஆலோசகரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

இடம் உறுதியானதும் தீர்ப்புக் கடிதம், முடித்த சான்று, அலுவலகத்தின் மின்னஞ்சல், நீங்கள் அனுப்பிய விளக்கம் நான்கையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். என்னுடையது இன்னும் ஒரு நீல உறையில் இருக்கிறது.